போக்சோ வழக்கும் சத்தமில்லாமல் இறங்கும் படிகளும்

மேலநீலிதநல்லூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் காலைப் பேப்பரைப் பிரித்தால் வாரத்தில் ஒருநாளாவது "போக்சோவில் வாலிபர் கைது" என்று ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். உடனே பெஞ்சில் இருப்பவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்: "இவனையெல்லாம் நடுரோட்டுல வச்சு சுடணும்ல!" டீ ஆறுவதற்குள் வழக்கு முடிந்துவிடும். எந்த செக்‌ஷனில் கைது என்று யாரும் கேட்பதில்லை. அதே வழக்கில் மூன்று நான்கு வருஷம் கழித்துத் தீர்ப்பு வரும்போது பேப்பரில் நாலு வரிதான் வரும், அதையும் யாரும் படிப்பதில்லை. அந்த நாலு வரிக்குள்தான் விஷயமே இருக்கிறது. "இன்ன பிரிவில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எனினும் இன்ன பிரிவில் குற்றவாளி" என்று போட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த "எனினும்" பற்றியது.

முதலில் சட்டம். கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 222 என்று ஒரு பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டதால் அதுவே 245 ஆகிவிட்டது. நம்பர்தான் மாறியது, சரக்கு பழசுதான். ஒருவர் மேல் பெரிய குற்றம் சாட்டியிருக்கிறார்கள். அதில் நாலு அம்சம் இருக்கிறது, மூன்றுதான் நிரூபணம் ஆகிறது. அந்த மூன்றும் சேர்ந்தாலே தனியாக ஒரு சின்னக் குற்றம் ஆகும் என்றால், தனியாகக் குற்றச்சாட்டு வனையாவிட்டாலும் அந்தச் சின்னக் குற்றத்துக்குத் தண்டிக்கலாம். பழைய சட்டத்திலேயே உதாரணமும் கொடுத்திருந்தார்கள். சரக்கு ஏற்றிச் செல்கிறவர் என்ற முறையில் ஒப்படைத்த பொருளை ஒருவர் அமுக்கிவிட்டார் என்று வழக்கு. அமுக்கியது நிரூபணம், ஆனால் அந்த முறையில்தான் ஒப்படைத்தார்கள் என்பது நிரூபணம் ஆகவில்லை. சரி, சாதாரண நம்பிக்கை மோசடிக்குத் தண்டனை கொடு, அவ்வளவுதான். நியாயமான ஏற்பாடு. இல்லாவிட்டால் ஒன்று ஆள் முழுசாகத் தப்பிப்பான், அல்லது செய்யாத பெரிய குற்றத்துக்கு உள்ளே போவான்.

இதே ஏற்பாடு குழந்தைகள் வழக்குக்கு வரும்போதுதான் கூத்து ஆரம்பிக்கிறது. 2012ல் வந்த போக்சோ சட்டம் ஒரு ஏணி மாதிரி. கீழ்ப்படி பாலியல் தொந்தரவு, செக்‌ஷன் 12, அதிகபட்சம் மூன்று வருஷம், குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. அதற்கு மேலே பாலியல் தாக்குதல், செக்‌ஷன் 8, மூன்றிலிருந்து ஐந்து வருஷம். குழந்தைக்குப் பன்னிரண்டு வயசுக்குக் கீழ் என்றாலோ, செய்தவர் வாத்தியார், போலீஸ், சொந்தக்காரர் என்றாலோ அது கடும் தாக்குதல், செக்‌ஷன் 10, ஐந்திலிருந்து ஏழு. அதற்கும் மேலே ஊடுருவல் குற்றங்கள், செக்‌ஷன் 4, செக்‌ஷன் 6. இந்த ஏணிக்குப் பக்கத்திலேயே இந்திய தண்டனைச் சட்டம் என்று இன்னொரு ஏணி சாத்தி வைத்திருந்தார்கள். அதில் பெண்ணின் கண்ணியத்துக்குப் பங்கம் விளைவிப்பது செக்‌ஷன் 354, ஒன்றிலிருந்து ஐந்து வருஷம். (இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 74.) ஒரே செயல் இரண்டு சட்டத்திலும் குற்றம் என்றால் எதில் தண்டனை அதிகமோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று போக்சோவின் 42ஆவது பிரிவு சொல்கிறது. எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, யாராவது ஒரு ஏணியிலிருந்து மற்ற ஏணிக்குத் தாவுவார்கள் என்று!

தாவினார்கள். 2021 ஜனவரி 19, பம்பாய் ஹைகோர்ட்டின் நாக்பூர் கிளை. 2016 டிசம்பரில் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கொய்யாப்பழம் தருவதாகச் சொல்லி வீட்டுக்குள் கூட்டிப்போய் தவறாக நடந்த ஒருவரின் அப்பீல். கீழ்க்கோர்ட் செக்‌ஷன் 8ன்படி மூன்று வருஷம் கொடுத்திருந்தது. நீதிபதி புஷ்பா கனேடிவாலா என்ன சொன்னார்? தொட்டது உண்மை, கெட்ட எண்ணத்தோடு தொட்டதும் உண்மை, ஆனால் துணிக்கு மேலே தொட்டதால் தோலோடு தோல் படவில்லை, ஆகவே இது போக்சோ பாலியல் தாக்குதல் ஆகாது, 354 போதும், ஒரு வருஷம் போதும். சட்டத்தில் "தொடுதல்" என்றுதான் இருக்கிறது. தோல் என்ற வார்த்தையே இல்லை. அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் சுப்ரீம் கோர்ட்டில் கேட்டார், அப்படியானால் கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஒருவன் செய்தால் விட்டுவிடுவீர்களா என்று. சுப்ரீம் கோர்ட் 2021 நவம்பர் 18ல் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. எண்ணம்தான் முக்கியம், தோல் அல்ல என்றது.

அதே நீதிபதி அதற்கு நாலு நாள் முன்னால் இன்னொரு வழக்கில் ஐந்து வயதுக் குழந்தை விஷயத்தில் செக்‌ஷன் 10லிருந்து இறங்கி, ஆசாமி ஏற்கெனவே உள்ளே இருந்த ஐந்து மாசமே போதும் என்று விட்டிருந்தார். அதையும் சேர்த்துத்தான் சுப்ரீம் கோர்ட் திருத்தி, ஐந்து வருஷத்தைத் திரும்ப வைத்தது.

அப்போது எல்லோரும் "தோலோடு தோல்" என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு காரணம் இருந்தது, அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தண்டனை கடுமையாக இருப்பதால் நிரூபணமும் அதற்கேற்றபடி கடுமையாக இருக்க வேண்டும், குற்றச்சாட்டும் தீவிரமாக இருக்க வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். அதாவது குற்றம் என்ன என்று பார்த்துவிட்டுத் தண்டனைக்குப் போகவில்லை. தண்டனையைப் பார்த்துவிட்டு, அது அதிகம் என்று தோன்றியதால், குற்றத்தைச் சுருக்கியிருக்கிறார். வியாதி அங்கேதான் இருக்கிறது. தோல் வெறும் சாக்கு.

ஒருவர் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். அதே 2021 நவம்பரில் அலகாபாத் ஹைகோர்ட் பத்து வயதுச் சிறுவன் வழக்கில் செக்‌ஷன் 6லிருந்து 4க்கு இறங்கி, பத்து வருஷத்தை ஏழாக்கியது. பன்னிரண்டு வயசுக்குக் கீழ் என்றாலே மேல்படிதான் என்று சட்டத்தில் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. இதில் விளக்கம் சொல்ல ஒன்றுமே இல்லை, எல்.கே.ஜி. கணக்கு. அதைத் திருத்த 2023 ஜூலை 5 வரை ஆனது. சுப்ரீம் கோர்ட், சட்டம் குறைந்தபட்சம் என்று ஒன்றை வைத்த பிறகு அதற்குக் கீழே போக எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லிப் பத்து வருஷத்தைத் திரும்பக் கொடுத்தது. பிறகு 2025 மார்ச் 17. மறுபடி அலகாபாத். பதினோரு வயதுச் சிறுமியைப் பிடித்து, பைஜாமா நாடாவை அறுத்து, பாலத்துக்கு அடியில் இழுத்தது பலாத்கார முயற்சி ஆகாது, அதற்கான தயாரிப்புதான் என்று ஒரு நீதிபதி இறக்கினார். இந்த வழக்கில் அப்போது சாட்சி விசாரணையே ஆரம்பித்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சம்மன் கட்டத்திலேயே படி இறங்கியாயிற்று! மார்ச் 26ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது, இதில் உணர்வே இல்லை என்று கண்டித்தது.

இதைப் படித்துவிட்டு, இறங்குவதே தப்பு, எல்லாரையும் உச்சிப்படியில் நிறுத்தித் தள்ளு என்று யாராவது கிளம்பினால் அது இன்னொரு பைத்தியக்காரத்தனம். சென்னை அயனாவரம் வழக்கை நினைத்துப் பார்க்கலாம். 2018ல் வெளிவந்தது, காது கேளாத பதினோரு வயதுச் சிறுமி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் 17 பேர். ஊரே எல்லாரையும் தூக்கில் போடு என்றது. கோர்ட் வளாகத்திலேயே வக்கீல்கள் அவர்களை அடித்தார்கள். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் என்ன செய்தது? ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்திருந்தார், ஒருவர் விடுதலை. மீதி 15 பேரில் நாலு பேருக்குச் சாகும்வரை சிறை, ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு ஏழு வருஷம், ஒன்பது பேருக்கு ஐந்து வருஷம். யார் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாகப் பார்த்துப் படி போட்டிருக்கிறார்கள். படி இருப்பது அதற்குத்தான். செய்ததை வைத்து இறங்கினால் நீதி. தண்டனையைப் பார்த்துப் பயந்து இறங்கினாலும், குற்றவாளி மேல் பாவப்பட்டு இறங்கினாலும், துணியின் தடிமனை அளந்து இறங்கினாலும் அது நீதி இல்லை. இரண்டையும் வெளியிலிருந்து பார்க்கிறவன் எப்படிப் பிரித்து அறிவது? தீர்ப்பு வரும்வரை அறியவே முடியாது. குறை சொல்ல வேண்டியது அதைத்தான்.

இங்கே கொஞ்சம் பழங்கதை தேவைப்படுகிறது. இந்தியாவிலும் ஒரு காலத்தில் ஜூரி இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945ல் குற்றவாளி என்று சொன்னது மெட்ராஸ் ஜூரிதான். பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், திரும்ப வந்து, 1947ல் ஹைகோர்ட்டில் விடுதலை. 1959ல் பம்பாயில் கமாண்டர் நானாவதி வழக்கு. அவர் மேல் கொலை என்றும், கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்றும் இரண்டு படியிலும் குற்றச்சாட்டு. ஜூரி எட்டுக்கு ஒன்று என்று இரண்டிலும் குற்றமில்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஹைகோர்ட், ஜூரிக்கு நீதிபதி சட்டத்தை விளக்கிய விதமே தப்பு என்று சொல்லி, கொலைக் குற்றவாளி என்றது. 1961ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. கடைசியில் 1973ன் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. (பார்சிகளின் விவாகரத்து வழக்கில் மட்டும் அந்தச் சமூகத்துப் பிரதிநிதிகள் உட்காரும் முறை பிறகும் இருந்தது. அது வேறு கதை.)

ஜூரி போனதற்கு அழ வேண்டாம். பணக்காரனுக்கும் ஜாதிக்காரனுக்கும் ஜூரி எப்படி வளையும் என்பது திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஜூரியோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. நானாவதி வழக்கில் நீதிபதி தப்பாக விளக்கினார் என்பதை ஹைகோர்ட் எப்படிக் கண்டுபிடித்தது? அவர் ஜூரிக்குச் சொன்னது அத்தனையும் வாய்விட்டு, இரண்டு பக்க வக்கீல்கள் முன்னால், பதிவில் சொன்னது. தப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் இன்றைக்கும் அப்படித்தான். ஜூரி உள்ளே போவதற்கு முன்னால் நீதிபதி, பெரிய குற்றத்தின் அம்சங்கள் இவை, இதில் இந்த அம்சத்தில் சந்தேகம் இருந்தால் இந்தச் சின்னக் குற்றத்தை யோசிக்கலாம் என்று எழுதி வாசிப்பார். எந்தப் படிகளைச் சொல்வது, எதை விடுவது என்று அதற்கு முன்பே இரண்டு வக்கீல்களும் சண்டை போடுவார்கள். சின்னப் படியை ஜூரிக்குக் காட்டவே இல்லை என்றால் என்ன ஆகும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1973லும் 1980லும் யோசித்திருக்கிறது. எதிரே நிற்கிறவன் ஏதோ ஒரு குற்றம் செய்திருக்கிறான் என்பது தெளிவு, ஆனால் கையில் இருப்பது "எல்லாம்" அல்லது "ஒன்றுமில்லை" என்ற இரண்டே சீட்டு. அப்போது ஜூரி சந்தேகத்தை விழுங்கிவிட்டுப் பெரிய குற்றத்துக்கே கை தூக்கிவிடும் என்பது அவர்கள் பயம். மரண தண்டனை வழக்கில் சாட்சியம் இடம் கொடுத்தால் சின்னப் படியை மறைக்கக் கூடாது என்று 1980ல் தீர்ப்பே வந்தது.

குழந்தை வழக்கிலேயே இதற்கு நல்ல உதாரணம் மாசசூசெட்ஸில் 1997ல் நடந்தது. குழந்தை பார்த்துக்கொள்ள வந்த 19 வயது ஆங்கிலேயப் பெண், அவள் பொறுப்பில் இருந்த எட்டு மாசக் குழந்தை தலைக்காயத்தில் இறந்துவிட்டது. கொலை இல்லாவிட்டாலும் கவனக்குறைவான மரணமா என்று ஜூரியைக் கேட்க வேண்டும் என்றது அரசுத் தரப்பு. வேண்டாம், கொலையா இல்லையா என்று மட்டும் கேளுங்கள் என்றது அந்தப் பெண்ணின் தரப்பு. சூதாட்டம்தான்! நீதிபதி ஹில்லர் ஸோபல் அவர்கள் கேட்டபடியே விட்டார். ஜூரி கொலை என்று சொல்லிவிட்டது, ஆயுள் தண்டனை. பதினோரு நாள் கழித்து அதே நீதிபதி அதைக் கவனக்குறைவான மரணமாக இறக்கி, உள்ளே இருந்த 279 நாளோடு அனுப்பிவிட்டார். பாதி உலகம் கைதட்டியது, பாதி உலகம் காறித் துப்பியது. அடுத்த வருஷம் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைக் குறைப்பை அப்படியே விட்டது. ஆனால் அரசுத் தரப்பு கேட்டபோதே சின்னப் படியை ஜூரிக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்பு என்றும் எழுதியது. முடிவு பிடிக்கிறதோ இல்லையோ, யார் எந்தப் படியைக் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், நீதிபதி என்ன சொன்னார் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. எடுத்து வைத்துத் திட்டலாம்.

இங்கே திட்டக்கூட வழியில்லை. இந்தியக் கோர்ட்டில் நீதிபதியே சட்டமும் ஜூரியும். தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொள்கிறார், மனசுக்குள். வாதம் எப்படி நடக்கும் என்று பார்த்தால் புரியும். எதிர்த்தரப்பு வக்கீல் "என் கட்சிக்காரர் அப்பாவி, முன்விரோதத்தில் போட்ட பொய் வழக்கு" என்பார். "பெரிய பிரிவு வேண்டாம், சின்னப் பிரிவு கொடுங்கள்" என்று கேட்டால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அரசு வக்கீல் "முழுசாக நிரூபித்துவிட்டோம்" என்பார். சின்னப் படியைப் பற்றிப் பேசினால் தன் கேஸ் வீக் என்று காட்டிக்கொண்ட மாதிரி. ஆக நடுப்படியைப் பற்றி இரண்டு பேரும் பேசுவது அபூர்வம். யாரும் வாதாடாத அந்த இடத்தில் நீதிபதி தனியாகப் போய் நிற்கிறார். அங்கிருந்து வருகிற காரணம் தோல், துணி, நாடா என்று இருப்பதில் என்ன ஆச்சரியம்? எதிரே நின்று "ஐயா, சட்டத்தில் அந்த வார்த்தை இல்லையே" என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த வரி தீர்ப்பில் வந்திருக்குமா?

பாதிக்கப்பட்டவருக்கு அப்பீல் உரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2009ன் கடைசி நாளில் அமலுக்கு வந்த திருத்தம், 372ஆவது பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தது. விடுதலை செய்தாலும், சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலும், இழப்பீடு போதாது என்றாலும் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம். புதிய சட்டத்திலும் 413ல் அது இருக்கிறது. நல்ல வரிதான். ஆனால் நாக்பூர் வழக்கில் டெல்லிக்குப் போனது யார்? அட்டர்னி ஜெனரல், தேசிய மகளிர் ஆணையம், மகாராஷ்டிர அரசு. பேப்பரில் நாறியதால் போனார்கள். பேப்பரில் வராத வழக்கு? சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறியிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ கூலிக்குப் போகிற ஒரு அம்மாவுக்குச் செக்‌ஷன் 10க்கும் 12க்கும் வித்தியாசம் யார் சொல்வார்கள்? "தண்டனை கொடுத்துட்டாங்கம்மா, கேஸ் ஜெயிச்சுட்டு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவளும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள். இறங்கிய பிறகு அப்பீல் போகலாம் என்று சொல்கிற சட்டம், இறங்குவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேள் என்று சொல்லவில்லை.

கேட்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பெரிய செலவு ஒன்றும் இல்லை. வாதம் முடிந்து, நீதிபதிக்குப் பெரிய பிரிவில் ஒரு அம்சம் குறைகிறது என்று தோன்றினால் அதைத் தீர்ப்பில் முதல்முறையாகச் சொல்லாமல், திறந்த கோர்ட்டில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். இந்த அம்சத்தில் சந்தேகம், இந்தச் சாட்சியத்தால் சந்தேகம், ஆகவே இந்தப் பிரிவுக்கு இறங்கலாமா என்று. அரசு வக்கீல் பதில் சொல்லட்டும், குழந்தையின் குடும்பத்து வக்கீல் பதில் சொல்லட்டும் (போக்சோ 40ஆவது பிரிவிலேயே அவர்களுக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு), எதிர்த்தரப்பும் சொல்லட்டும். பிறகு இறங்குவதோ இறங்காததோ அவர் இஷ்டம். அமெரிக்க நீதிபதி பன்னிரண்டு பேருக்குச் சொல்வதை இவர் மூன்று பேருக்குச் சொல்கிறார், அவ்வளவுதான்.

இதற்கு வருகிற எதிர்ப்பு இரண்டு. ஒன்று, நேரம் ஆகும் என்பது. போக்சோ வழக்கை முடிந்தவரை ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, உண்மை. ஒருநாள் வாதத்தை மிச்சம் பிடித்து, தப்பை டெல்லியில் போய்த் திருத்த நாக்பூரில் பத்து மாசமும் அலகாபாத் சிறுவன் வழக்கில் ஒன்றரை வருஷத்துக்கு மேலும் ஆனதே, அந்தக் கணக்கு யார் தலையில்?

இரண்டாவது டீக்கடை பெஞ்சின் எதிர்ப்பு. படியே வேண்டாம், எல்லாத்துக்கும் தூக்கு. 2019ல் பார்லிமென்ட் ஏறக்குறைய இதைத்தான் செய்தது. செக்‌ஷன் 6ல் பத்து வருஷக் குறைந்தபட்சம் இருபதானது, மரண தண்டனையும் சேர்ந்தது. செக்‌ஷன் 4ல் ஏழு வருஷம் பத்தானது, குழந்தைக்குப் பதினாறுக்குக் கீழ் என்றால் இருபது. படியின் உயரம் கூடக்கூட இறங்குவதற்கான ஆசையும் கூடும் என்பதைத்தான் அந்த நாக்பூர் நீதிபதியின் வரி காட்டுகிறது. தண்டனையை ஏற்றிவிட்டால் குழந்தை பத்திரம் என்று நினைக்கிறவர்கள் அந்த ஒரு வரியைப் படித்தால் நல்லது. இன்னொரு பக்கம், பதினேழு வயசுப் பெண்ணும் பத்தொன்பது வயசுப் பையனும் சேர்ந்து ஓடிப்போன வழக்கில் இறங்கப் படியே கிடையாது. சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லாத சட்டத்தில் அந்தப் பையனுக்கும் அதே பத்து வருஷம். சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பார்த்திபன் 2019லேயே இதைச் சொல்லி, பதினாறு வயசுக்கு மேற்பட்டவர்கள் சம்மதத்தோடு பழகிய வழக்குகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். பார்லிமென்ட் காதில் விழவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் படி வைக்காமல், இறங்கக் கூடாத இடத்தில் இருட்டில் இறங்கவிடுகிற சட்டம் இது.

புஷ்பா கனேடிவாலாவை நிரந்தர நீதிபதி ஆக்கும் பரிந்துரையைக் கொலீஜியம் திரும்பப் பெற்றது, 2022 பிப்ரவரியில் அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். கோபம் அடங்கியது, கேஸ் முடிந்தது என்று எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு நீதிபதி, வேறு காரணம். ஆளை மாற்றினார்கள், முறையை மாற்றவில்லை.

அதுவரைக்கும் சட்டம் படித்துவிட்டுக் கறுப்புக் கோட்டு மாட்டப்போகிற நண்பர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குழந்தையின் குடும்பத்துக்காக ஆஜராகும்போது, வாதம் முடிகிற அன்று ஒரு பக்க மனு: குற்றச்சாட்டில் உள்ள பிரிவைவிடச் சின்னப் பிரிவுக்கு இறங்குவதாகக் கோர்ட் நினைத்தால், எந்த அம்சம் குறைகிறது என்று சொல்லி எங்களைக் கேட்ட பிறகு தீர்ப்பு சொல்லுங்கள். அப்படி ஒரு மனு போடக் கூடாது என்று பழைய சட்டத்திலும் இல்லை, புதிய சட்டத்திலும் இல்லை. நீதிபதி தள்ளுபடி செய்தால் அந்தத் தள்ளுபடியாவது பதிவில் நிற்கும், அப்பீலில் எடுத்துக் காட்டலாம்.